முன்பேர வணிகத்தில் ஈட்டுத் தொகையும் உடனடி இடர்க் கண்காணிப்பும்

மக்களின் சேமிப்பைத் தொழில்களுக்குரிய மூலதனமாக மாற்றுவதில் பங்குச் சந்தைகளுக்கு முக்கியமான பங்கு உண்டு. அச்சந்தைகளில் விலைகள் ஏறுவதும் இறங்குவதும் இயல்பு. விலை இறங்குவதனால் மட்டும் ஒரு சந்தை அழிந்துவிடுவதில்லை. வாங்கியவர் பணம் செலுத்தவும் விற்றவர் பங்கை ஒப்படைக்கவும் தவறும்போதுதான் சந்தையின் அடித்தளம் ஆட்டம் காண்கிறது. ஒருவர் சொன்ன சொல்லைக் காப்பாற்ற முடியாமற்போனால், அவரை நம்பிய மற்றவரும், அம்மற்றவரை நம்பிய வேறொருவரும் அடுத்தடுத்து இடர்ப்பாட்டுக்கு உள்ளாவர். இச்சங்கிலித் தொடரை அறுப்பதற்காகவே ஈட்டுத் தொகை, பிணை, உடனடி இடர்க் கண்காணிப்பு ஆகிய ஏற்பாடுகள் தோன்றின. இவற்றின் தேவையை நம் நாட்டில் மிகத் தெளிவாக உணர்த்தியது 2001-ஆம் ஆண்டில் கொல்கத்தாவில் நிகழ்ந்த பணத் தீர்வு நெருக்கடியாகும்.

முன்பேரத்தின் பழைய களம்

கொல்கத்தாவுக்கு முன்பேர வணிகம் புதியதன்று. ஹூக்ளி நதியின் இரு கரைகளிலும் சணல் ஆலைகள் பெருகிய காலத்தில், அறுவடைக்கு முன்னரே விலை பேசி ஒப்பந்தம் செய்துகொள்ளும் பழக்கம் அங்கு வேரூன்றியது. 1919-இல் கல்கத்தா ஹெஸ்ஸியன் எக்ஸ்சேஞ்சும், 1927-இல் கிழக்கிந்திய சணல் சங்கமும் அமைக்கப்பட்டன. இவை இரண்டும் 1945-இல் ஒன்றாக இணைக்கப்பட்டன. கச்சாச் சணலுக்கும் சணல் பொருள்களுக்கும் முறைப்படியான முன்பேரச் சந்தை இவ்வாறு உருவாயிற்று. பங்குகளின் வணிகமோ அதனினும் பழமையானது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேப்பமரத்தடியில் கூடிப் பேரம் பேசிய தரகர்கள் 1908-இல் கல்கத்தாப் பங்குச் சந்தையை ஒரு சங்கமாக நிறுவினர். பின்னாளில் லயன்ஸ் ரேஞ்ச் என்னும் தெருவே அச்சந்தைக்கு மறுபெயர் ஆயிற்று.

சணல் ஆலைக்கு முன்பேரம் ஒரு காப்பு. மூன்று மாதம் கழித்துத் தேவைப்படும் கச்சாச் சணலின் விலையை இன்றே உறுதி செய்துகொண்டால், ஆலை தன் உற்பத்திச் செலவைக் கணக்கிட முடியும். விலை ஏறும் என்றோ இறங்கும் என்றோ கணித்து இலாபம் தேடும் ஊக வணிகர், அந்த ஆலை தள்ளிவிட விரும்பும் இடரைத் தாம் ஏற்றுக்கொள்கிறார். இருவரும் இருந்தால்தான் சந்தை இயங்கும். ஆனால் இருவரும் எதிர்காலத்தில் நிறைவேற்ற வேண்டிய வாக்குறுதியையே இன்று பரிமாறிக்கொள்கின்றனர். வாக்குறுதிக்கும் நிறைவேற்றத்துக்கும் இடைப்பட்ட காலத்தில் விலை எவ்வளவு தூரம் நகரும் என்பதை எவரும் முன்கூட்டி அறிய இயலாது. இடர் பிறப்பது இந்த இடைவெளியில்தான்.

பிற பொருள்களின் விலையைச் சார்ந்து மதிப்புப் பெறும் இத்தகைய ஒப்பந்தங்கள் அனைத்தையும் டெரிவேட்டிவ் எனப் பொதுப்பெயரால் வழங்குகின்றனர். சார்பு ஒப்பந்தங்கள் என்று தமிழில் கூறலாம். முன்பேர ஒப்பந்தமும், வாங்கவோ விற்கவோ உரிமை மட்டும் அளிக்கும் ஆப்ஷன் என்னும் விருப்ப ஒப்பந்தமும் இவற்றுள் முதன்மையானவை.

ஈட்டுத் தொகை செயற்படும் விதம்

ஹவுரா நகரின் ஒரு பகுதி சாந்த்ராகாச்சி. சென்னையிலிருந்து புறப்படும் சில ரயில்கள் அங்கே பயணத்தை முடிப்பதால் தமிழகப் பயணிகளுக்கும் அறிமுகமான பெயர் அது. அவ்வூரில் வாழும் ஓய்வுபெற்ற ஊழியர் ஒருவர், பங்கு விலைக் குறியீட்டெண் உயரும் எனக் கருதி ஒரு முன்பேர ஒப்பந்தம் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். குறியீட்டெண் 20,000 புள்ளிகள். ஒப்பந்தத்தின் அளவு 75 அலகுகள் எனக் கொண்டால், ஒப்பந்தத்தின் மதிப்பு 15 லட்சம் ரூபாய். இத்தொகை முழுவதையும் அவர் செலுத்த வேண்டியதில்லை. தொடக்க ஈட்டுத் தொகை 12 சதவீதம் எனில், 1,80,000 ரூபாய் வைத்தாலே போதும். மார்ஜின் என வழக்கில் கூறப்படுவது இத்தொகையே.

முதல் நாள் குறியீட்டெண் 200 புள்ளிகள் இறங்கினால், அவருடைய நட்டம் 15,000 ரூபாய். ஒப்பந்தம் முடியும் நாள்வரை இந்நட்டம் ஏட்டில் மட்டும் நிற்பதில்லை. அன்றைய முடிவு விலையில் கணக்கிடப்பட்டு, மறுநாள் வணிகம் தொடங்குமுன் ரொக்கமாகப் பெறப்படுகிறது. எதிர்ப்பக்கத்தில் விற்றவருக்கு அதே தொகை வரவாகச் சேர்கிறது. இரண்டாம் நாள் மேலும் 3 சதவீதம், அதாவது 594 புள்ளிகள் இறங்கினால், 44,550 ரூபாய் செலுத்த வேண்டும். இரண்டு நாள்களில் அவர் கையைவிட்டுச் சென்றது 59,550 ரூபாய். குறியீட்டெண் இறங்கியது ஏறத்தாழ 4 சதவீதமே. அவர் வைத்த தொகையிலோ மூன்றில் ஒரு பங்கு கரைந்துவிட்டது. சிறு தொகையைக் கொண்டு பெரு மதிப்பை ஆளும் நெம்புகோலின் இயல்பு இதுவே. அது இலாபத்தைப் பெருக்குவது போலவே நட்டத்தையும் பெருக்கும்.

ஆக, ஈட்டுத் தொகைக்கு இரண்டு பணிகள் உண்டு. நாள்தோறும் பெறப்படும் தொகை, நிகழ்ந்துவிட்ட நட்டத்தைத் தீர்க்கிறது. தொடக்கத்தில் வாங்கி வைக்கப்படும் தொகை, அடுத்து நிகழக்கூடிய நட்டத்துக்கு முன்காப்பாக நிற்கிறது. ஒருவர் இன்று பணம் செலுத்தத் தவறினால், அவருடைய ஒப்பந்தத்தைச் சந்தையில் முடித்துவைக்க ஓரிரு நாள் தேவைப்படலாம். அந்நாள்களில் விலை மேலும் நகர்ந்தால் ஏற்படும் இழப்பை ஈடுகட்டவே முன்காப்பு வேண்டியிருக்கிறது. இவ்விரண்டில் எது தளர்ந்தாலும், தவறியவரின் கடன் மற்றவர் தலையில் விழும்.

2001: கொல்கத்தாவின் அனுபவம்

பங்குகளில் முன்பேரம் 1969-இல் மத்திய அரசால் தடை செய்யப்பட்டது. எனினும், வாங்கிய பங்குக்குப் பணம் செலுத்தாமல், வட்டி கொடுத்து அடுத்த தீர்வுக் காலத்துக்குக் கணக்கைத் தள்ளிவைக்கும் பத்லா என்னும் முறை நாட்டின் சந்தைகளில் நிலைபெற்றிருந்தது. முன்பேரத்தின் எல்லா இடர்களும் இதில் இருந்தன. கொல்கத்தாவில் பங்குச் சந்தையின் ஏட்டில் பதிவாகாத பத்லாவும் பெருமளவில் நடைபெற்றது. பதிவாகாத வணிகத்துக்கு ஈட்டுத் தொகை இல்லை, கண்காணிப்பும் இல்லை.

1997-லேயே கல்கத்தாப் பங்குச் சந்தை கணிப்பொறி வழி வணிகத்துக்கு மாறியிருந்தது. 2000-2001 நிதியாண்டில் அதன் வணிக அளவு ஏறத்தாழ 3,55,000 கோடி ரூபாய். நாட்டின் முன்னணிச் சந்தைகளுள் ஒன்றாக அது விளங்கியது. ஆனால் பேரம் வேகமாக நடந்த அளவுக்குக் கண்காணிப்பு வேகம் பெறவில்லை. தரகர்கள் தங்கள் வரம்பை மீறி ஒப்பந்தங்களைக் குவித்தபோது, அவர்களுடைய முனையங்களை உரிய நேரத்தில் நிறுத்தும் ஏற்பாடு செயற்படவில்லை. சில தரகர்களின் ஒப்பந்தங்கள் மிகச் சில கணினி, தொலைத்தொடர்பு நிறுவனப் பங்குகளிலேயே குவிந்து கிடந்தன.

2001 பிப்ரவரி இறுதியிலும் மார்ச் தொடக்கத்திலும் அப்பங்குகளின் விலை சரிந்தது. விலை ஏறும் என நம்பி வாங்கியிருந்த தரகர்கள் பணம் செலுத்த இயலாது தவித்தனர். மார்ச் மாதத்தில் அடுத்தடுத்து மூன்று தீர்வுகளில் நூறு கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட தொகை செலுத்தப்படாமல் நின்றது. மற்றவர்களுக்குரிய பணத்தைக் கொடுப்பதற்குச் சந்தையின் தீர்வு உத்தரவாத நிதியில் கைவைக்க வேண்டியதாயிற்று. நாடாளுமன்றக் கூட்டுக் குழு இவ்விவகாரத்தை ஆராய்ந்து 2002 டிசம்பரில் அறிக்கை அளித்தது.

விலைச் சரிவு நாடு முழுவதற்கும் பொதுவானது. அச்சரிவு பிற சந்தைகளையும் பாதித்தது. ஆனால் கல்கத்தாப் பங்குச் சந்தை அதிலிருந்து மீளவே இல்லை. 2001-2002-இல் அதன் வணிக அளவு ஏறத்தாழ 27,000 கோடி ரூபாயாகச் சுருங்கியது. அதற்கு அடுத்த ஆண்டில் 7,000 கோடியையும் எட்டவில்லை. 2013 ஏப்ரல் முதல் அதன் சொந்தத் தளத்தில் வணிகமே நின்றுபோயிற்று. சணலும் தேயிலையும் நிலக்கரியும் வளர்த்த ஒரு நிதி மையம், கிழக்கிந்தியத் தொழில்களுக்கு மூலதனம் திரட்டிய ஒரு நிறுவனம், தன் இடத்தை இழந்தது. போதிய ஈட்டுத் தொகையை உரிய நேரத்தில் பெறாமையின் விலை இத்துணைப் பெரிது.

சீர்திருத்தங்கள்

நெருக்கடியைத் தொடர்ந்து, கணக்கைத் தள்ளிவைக்கும் முறைகளை 2001 ஜூலை 2 முதல் செபி நிறுத்தியது. வார இறுதித் தீர்வுக்கு மாற்றாக நாள்தோறும் தீர்வு செய்யும் முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. வணிகம் நடந்த ஐந்தாம் நாள் என்றிருந்த தீர்வு, 2002-இல் மூன்றாம் நாளாகவும், 2003-இல் இரண்டாம் நாளாகவும் குறைந்தது. 2023 ஜனவரி முதல் எல்லாப் பங்குகளுக்கும் மறுநாளே தீர்வு நடைபெறுகிறது. வாக்குறுதிக்கும் நிறைவேற்றத்துக்கும் உள்ள இடைவெளி குறையக் குறைய, இடரும் குறைகிறது.

இதற்கிடையே முறையான சார்பு ஒப்பந்தச் சந்தையும் உருவானது. எல்.சி.குப்தா குழு 1998-இல் பரிந்துரை அளித்தது. இடர்க் கட்டுப்பாட்டு விதிகளை வகுக்க ஜே.ஆர்.வர்மா தலைமையிலான குழு அதே ஆண்டில் அறிக்கை தந்தது. சட்டத் திருத்தத்துக்குப் பின், 1969-ஆம் ஆண்டின் தடை 2000 மார்ச்சில் நீக்கப்பட்டது. அவ்வாண்டு ஜூனில் மும்பைப் பங்குச் சந்தையும் தேசியப் பங்குச் சந்தையும் குறியீட்டெண் முன்பேரத்தைத் தொடங்கின. விருப்ப ஒப்பந்தங்களும் தனிப்பங்கு முன்பேரமும் 2001-இல் தொடர்ந்தன.

இச்சந்தையின் மையத்தில் இருப்பது தீர்வுக் கழகம். பேரம் முடிந்த உடனே, வாங்குபவருக்கு விற்பவராகவும் விற்பவருக்கு வாங்குபவராகவும் அது இடையில் வந்து நிற்கிறது. சாந்த்ராகாச்சியில் வாங்கியவர், எதிர்ப்பக்கத்தில் விற்றவர் எவர் என அறிய வேண்டியதில்லை. அவருடைய நாணயத்தை ஆராயவும் வேண்டியதில்லை. தேசியப் பங்குச் சந்தையின் தீர்வுக் கழகம் 1996 ஏப்ரலில் இப்பணியைத் தொடங்கியது. எல்லோருடைய இடரையும் தன்மேல் ஏற்பதால், எல்லோரிடமும் பிணை பெறும் உரிமையும் கடமையும் கழகத்துக்கு உண்டு.

எவ்வளவு ஈட்டுத் தொகை?

ஒருவர் பல ஒப்பந்தங்களை வைத்திருக்கலாம். அவற்றுட் சில ஒன்றன் நட்டத்தை மற்றொன்று ஈடு செய்வனவாகவும் அமையலாம். ஆகவே ஒப்பந்தந்தோறும் தனித்தனியே தொகை விதிப்பது பொருத்தமன்று. சிகாகோ வணிகச் சந்தை 1988-இல் உருவாக்கிய ஸ்பான் என்னும் முறை இதற்கு வழிகண்டது. விலை ஏறினால், இறங்கினால், விலையின் ஊசலாட்டம் கூடினால், குறைந்தால் என 16 சூழ்நிலைகளை அது கற்பனை செய்கிறது. அவற்றுள் இரண்டு, மிக அரிதாக நிகழும் பெருநகர்வைக் குறிப்பவை. ஒவ்வொரு சூழ்நிலையிலும் ஒருவருடைய ஒப்பந்தத் தொகுதி முழுவதும் எவ்வளவு நட்டமடையும் எனக் கணக்கிட்டு, அவற்றுள் மிகப் பெரிய நட்டத்தையே ஈட்டுத் தொகையாக விதிக்கிறது. நம் நாட்டிலும் இம்முறையே பின்பற்றப்படுகிறது. கணக்கில் அடங்காத நகர்வுக்கென மேலும் ஒரு தொகை இதன்மேல் சேர்க்கப்படுகிறது.

விருப்ப ஒப்பந்தத்தை வாங்குபவர் இழக்கக்கூடியது அவர் செலுத்திய விலை மட்டுமே. விற்பவரின் நட்டத்துக்கோ அத்தகைய எல்லை இல்லை. எனவே விற்பவரிடமே ஈட்டுத் தொகை பெறப்படுகிறது. ஒப்பந்தம் முடிவுறும் நாளில் விலைகள் மிக விரைவாக நகர்வதால், குறியீட்டெண் விருப்ப ஒப்பந்தங்களை விற்றிருப்போருக்கு அந்நாளில் கூடுதலாக 2 சதவீதம் பெறும் விதி 2024 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது.

பிணையாக எவற்றை ஏற்பது என்பதும் முக்கியமான கேள்வி. ரொக்கம், வங்கி வைப்புச் சீட்டு, வங்கி உத்தரவாதம், அரசுக் கடன் பத்திரம், அங்கீகரிக்கப்பட்ட பங்குகள் முதலியவை ஏற்கப்படுகின்றன. பங்குகளைச் சந்தை விலைக்கே எடுத்துக்கொள்வதில்லை. ஒரு பகுதியைக் கழித்தே மதிப்பிடுகின்றனர். விலை சரியும் நாளில் பிணைப் பங்கின் விலையும் உடன் சரியும் என்பதே காரணம். ஆகவே பிணையில் பாதியாவது ரொக்கமாகவோ அதற்கு நிகரானதாகவோ இருத்தல் வேண்டும்.

வாடிக்கையாளரின் பிணை வாடிக்கையாளருக்கே உரியது என்னும் கொள்கை நிலைபெற மேலும் காலம் பிடித்தது. 2019 நவம்பரில் கார்வி தரகு நிறுவனத்தின் மீது செபி பிறப்பித்த ஆணை, வாடிக்கையாளர்களின் பங்குகளைத் தரகரே அடகு வைக்கும் ஆபத்தை வெளிப்படுத்தியது. 2020 செப்டம்பர் முதல், பங்குகள் வாடிக்கையாளரின் டீமேட் கணக்கிலேயே இருந்தவாறு அடகாகப் பதியப்படுகின்றன. 2022 மே முதல் ஒவ்வொரு வாடிக்கையாளரின் பிணையும் தீர்வுக் கழக ஏட்டில் தனித்தனியே காட்டப்படுகிறது. வாடிக்கையாளர் பணத்தைக் கொண்டு வங்கி உத்தரவாதம் பெறுவதும் 2023-இல் தடுக்கப்பட்டது.

உடனடிக் கண்காணிப்பு

மாலையில் கணக்குப் பார்க்கும் முறைக்கும் நொடிதோறும் கணக்குப் பார்க்கும் முறைக்கும் உள்ள வேறுபாடு பெரிது. காலையில் வரம்பை மீறிய தரகரை மாலையில் கண்டறிந்து பயனில்லை. இன்று ஒவ்வொரு பேரமும் முடிந்தவுடன் உறுப்பினரின் ஈட்டுத் தேவை புதிதாகக் கணக்கிடப்பட்டு, அவர் வைத்துள்ள பிணையுடன் ஒப்பிடப்படுகிறது. பிணையின் பெரும்பகுதி தீர்ந்துவிட்டால், ஏற்கெனவே உள்ள ஒப்பந்தங்களைக் குறைப்பதற்கு மட்டுமே முனையம் இடந்தரும். முழுவதும் தீர்ந்தால் வணிகம் நிறுத்தப்படும். மனிதர் தலையிடக் காத்திராமல் கணிப்பொறியே இதனைச் செய்கிறது. 2001-இல் கொல்கத்தாவில் இல்லாதிருந்தது இவ்வேற்பாடே.

நாளின் முடிவில் ஒப்பந்தம் எதுவும் இல்லாதவர்கூட, நடுப்பகலில் பெரும் இடரைச் சுமந்திருக்கலாம். இக்குறையைப் போக்க, ஒரு நாளில் குறைந்தது நான்கு முறை, முன்னறிவிப்பின்றித் தேர்ந்த நேரங்களில் கணக்கெடுத்து, அவற்றுள் உச்சமான ஈட்டுத் தேவையை அளவுகோலாகக் கொள்ளும் முறை 2020 டிசம்பரில் தொடங்கி 2021 செப்டம்பரில் முழுமை பெற்றது.

கண்காணிப்பு நின்றால் வணிகமும் நிற்க வேண்டும் என்பது இதன் மறுபக்கம். 2021 பிப்ரவரி 24 அன்று, தொலைத்தொடர்பு இணைப்புகளில் ஏற்பட்ட கோளாற்றின் தொடர்ச்சியாகத் தீர்வுக் கழகத்தின் இடர்க் கண்காணிப்பு அமைப்பு இயங்காமற்போயிற்று. தேசியப் பங்குச் சந்தை முற்பகல் 11.40 மணிக்கு வணிகத்தை நிறுத்தியது. பிற்பகல் 3.45 மணிக்கே அது மீண்டும் தொடங்கியது. கண்காணிப்பின்றி வணிகத்தைத் தொடர்வதைவிட நிறுத்துவதே பாதுகாப்பு என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்தியது. அத்துடன், மாற்று இணைப்பும் மாற்று நிலையமும் பெயரளவில் இருந்தால் போதாது என்பதையும் அது காட்டியது.

எல்லைகளும் எச்சரிக்கைகளும்

எந்த ஈட்டுத் தொகையும் முழுக் காப்பன்று. 1987 அக்டோபரில் உலகச் சந்தைகள் சரிந்தபோது, ஹாங்காங் சந்தை நான்கு நாள்கள் மூடப்பட்டது. அங்கு முன்பேரத்துக்கு உத்தரவாதம் அளித்த கழகத்தின் மூலதனம் போதாமல் அரசும் வங்கிகளும் உதவ வேண்டியிருந்தது. 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்கக் கச்சா எண்ணெயின் முன்பேர விலை சுழியத்துக்கும் கீழே சென்றது. இந்தியாவின் எம்.சி.எக்ஸ். சந்தையில் அவ்வொப்பந்தம் பீப்பாய்க்கு 2,884 ரூபாய் எதிர்மறை விலையில் தீர்க்கப்பட்டது. 100 பீப்பாய் கொண்ட ஒப்பந்தத்தை 1,000 ரூபாய் விலையில் ஒருவர் வாங்கியிருந்தால், ஒப்பந்தத்தின் மதிப்பு 1,00,000 ரூபாய். அவருடைய நட்டமோ 3,88,400 ரூபாய். விலை எதிர்மறையாகும் சூழ்நிலைக்கு வழக்கமான ஈட்டுக் கணக்குகள் போதுமானவையாக இருக்கவில்லை.

இத்தகைய நாள்களுக்காகவே தீர்வுக் கழகங்களில் அடுக்கடுக்கான காப்புகள் உள்ளன. தவறிய உறுப்பினரின் பணமும் பிணையும் முதலில் பயன்படும். அடுத்துக் கழகத்தின் சொந்த நிதியில் ஒரு பகுதியும், அதன்பின் தீர்வு உத்தரவாத நிதியும், இறுதியில் ஏனைய உறுப்பினர்களின் வரையறுக்கப்பட்ட பங்களிப்பும் பயன்படும். தவறியவரே முதலில் இழக்க வேண்டும். நேர்மையாக நடந்தவர் கடைசியில்தான் தொடப்பட வேண்டும் என்பதே இவ்வரிசையின் நெறி.

மற்றொரு சிக்கலும் உண்டு. ஊசலாட்டம் மிகும்போது ஈட்டுத் தொகை உயர்கிறது. அதனைக் கட்ட இயலாதவர்கள் விற்கின்றனர். விற்பனையால் விலை மேலும் சரிகிறது. ஈட்டுத் தொகை மீண்டும் உயர்கிறது. அமைதியான காலத்தில் ஓரளவு உயர்வாகவே தொகையை வைத்திருப்பது இச்சுழற்சியைத் தணிக்கும். ஆனால் அளவுக்கு மீறி உயர்த்தினால், விலைக் காப்புத் தேடும் ஆலைகளும் சிறு வணிகர்களும் சந்தையை விட்டு விலகிப் பதிவில்லாப் பேரத்தை நாடக்கூடும். ஆகவே பாதுகாப்பையும் பயன்பாட்டையும் சமன் செய்வதே ஒழுங்குமுறை அமைப்பின் இடையறாத பணியாகும்.

முடிவுரை

இந்த ஏற்பாடுகள் யாரைக் காக்கின்றன என்பதைத் தெளிவாக உணர வேண்டும். ஒருவரின் நட்டம் மற்றவரைத் தாக்காதவாறு அவை சந்தையைக் காக்கின்றன. நட்டமடைபவரை நட்டத்திலிருந்து காப்பதில்லை. 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில், பங்குச் சார்பு ஒப்பந்தங்களில் ஈடுபட்ட ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதத்தினர் நட்டமடைந்தனர் எனவும், அவர்களின் மொத்த இழப்பு 1.8 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது எனவும் செபியின் ஆய்வு 2024 செப்டம்பரில் தெரிவித்தது. இக்காலத்தில் ஈட்டுத் தொகைகள் ஒழுங்காக வசூலாயின, தீர்வுகளும் நடைபெற்றன. அமைப்பு உறுதியாக இருந்தது. குடும்பங்களின் சேமிப்போ கரைந்தது.

எனவே கொல்கத்தாவின் பாடத்துக்கு இரண்டு பகுதிகள் உண்டு. ஈட்டுத் தொகையை முன்கூட்டியே, முழுமையாக, இடைவிடாது பெறுவது சந்தையை நடத்துவோரின் கடமை. கடன் பெற்றோ வாழ்நாள் சேமிப்பை ஈடு வைத்தோ இவ்வணிகத்தில் இறங்காதிருக்கும் அளவுக்கு அதன் தன்மையை மக்களுக்கு விளக்குவது கல்வி நிலையங்களுடையதும் அரசுடையதுமான பொறுப்பு. முதற்பகுதியில் நாடு கடந்த கால் நூற்றாண்டில் வெகுதூரம் முன்னேறியுள்ளது. இரண்டாம் பகுதியில் செய்ய வேண்டியவை இன்னும் பல உள்ளன.